மணப்பெண் தோழி

மணப்பெண் தோழி என்பவர் திருமணத்துக்கு முந்தைய நாள்களிலும் திருமண நாளிலும் மணப்பெண்ணுக்கு அருகிலேயே இருந்து, அவருக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளும் பெண். ஆங்கிலத்தில் மெய்ட் ஆஃப் ஹானர் எனப்படும் இப்பொறுப்பு கிறிஸ்தவத் தேவாலயத் திருமணங்கள் வழியாகவும், பிற்காலத்தில் திரைப்படங்கள், திருமணப் புகைப்படங்கள் வழியாகவும் தமிழ்நாட்டில் பரவியது. ஆனால் தமிழர் திருமணத்தில் மணப்பெண்ணின் பக்கத்து இடம் காலியாக இருந்ததில்லை. மாப்பிள்ளையின் சகோதரியான நாத்தனார் அங்கே நின்றுவருகிறார். நாத்தனார் உறவினால் அந்த இடத்துக்கு வருபவர். மணப்பெண் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. தோழி மணப்பெண்ணே தேர்ந்தெடுப்பவர். இந்த வேறுபாட்டை மறந்து, ஒருவரின் இடத்தில் மற்றவரை நிறுத்தும்போதுதான் மணமேடையில் மனத்தாங்கல் உண்டாகிறது.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள அத்திப்பட்டு போன்ற தொழில் ஊர்களில் தோழியைத் தேர்வது முன்பைவிட முக்கியமானதாகியிருக்கிறது. வேலை நிமித்தமாக வேற்றூரில் தங்கும் பெண்ணின் அன்றாடத்தை அவருடைய உறவினரைவிட உடன் தங்கியிருக்கும் தோழியே நன்கு அறிந்திருக்கிறார்.

பெயர்

மெய்ட் ஆஃப் ஹானர் என்பது முதலில் திருமணச் சொல் அன்று. இங்கிலாந்து அரசிக்குப் பணிவிடை செய்த, உயர்குடியில் பிறந்த மணமாகாத பெண்கள் அவ்வாறு அழைக்கப்பட்டனர். எட்டாம் ஹென்றியின் முதல் மனைவியான அரசி கேத்தரினுக்கு அப்படித் தோழியாக இருந்தவர் ஆன் போலின். பின்னர் அவரே ஹென்றியை மணந்து அரசியானார் என்பது இப்பெயருக்குப் பெருமை சேர்க்கும் செய்தியன்று. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்தில் பன்னிரண்டு தோழிகள் அவருடைய நீண்ட உடையின் பின்பகுதியை ஏந்திச் சென்றனர். அமெரிக்க வழக்கில் தோழியர் பலருள் முதன்மையானவர், மணமாகாதவராக இருந்தால் மெய்ட் ஆஃப் ஹானர் என்றும், மணமானவராக இருந்தால் மேட்ரன் ஆஃப் ஹானர் என்றும் குறிப்பிடப்படுகிறார்.

தமிழில் தோழி, தோழிப்பெண், மணத்தோழி, துணைப்பெண் என்று பல சொற்கள் வழங்குகின்றன. ஆந்திர எல்லையை ஒட்டிய பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் கணிசமாக உள்ளன. தெலுங்கில் இதற்குத் தோடிபெள்ளிகூத்துரு என்று பெயர். 'உடன் மணப்பெண்' என்பது பொருள். பெரும்பாலும் மணப்பெண்ணைவிட இளைய சிறுமி ஒருத்தியை அலங்கரித்து, நலங்கின்போது மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அச்சிறுமிக்கு வேலை எதுவும் இல்லை. துணைக்கு ஓர் ஆள் உண்டு என்பதே அதன் பொருள்.

பழைய இலக்கியத்தில் தோழி

சங்க அக இலக்கியத்தில் அதிகம் பேசும் பெண்களுள் ஒருத்தி தோழி. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. தலைவியோடு ஒன்றாக வளர்ந்தவள் என்பதால் அவள் மனம் அறிந்தவள். தலைவனிடம் திருமணத்தைக் காலம் தாழ்த்தாமல் முடிக்கச் சொல்வது அவள் பொறுப்பு. இலக்கணத்தில் இதற்கு வரைவு கடாதல் என்று பெயர். வீட்டார் வேறிடத்தில் மணம் பேசினாலோ, மகளின் மெலிவுக்குக் காரணம் தெரியாமல் கலங்கினாலோ, அவளுடைய காதலைச் செவிலியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் அவளே. இது அறத்தொடு நிற்றல் எனப்படும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் இப்படித் தோழி செவிலியிடம் பேசும் பேச்சாகவே அமைந்தவை.

ஆனால் திருமணச் சடங்கை விவரிக்கும் பாடல்களில் தோழி முன்னிற்பதில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு மணவிழாவைக் காட்டுகிறார். உழுந்து சேர்த்த பொங்கல், மணல் பரப்பிய பந்தல், விளக்கு ஆகியவற்றோடு, மகனைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். இன்றும் நலங்கு வைக்கவும் ஆரத்தி எடுக்கவும் சுமங்கலிகளை அழைக்கும் வழக்கத்தின் பழைய சான்றுகளில் இது ஒன்று. சடங்கைச் செய்ய அந்தப் பெண்களுக்குத் தகுதி தந்தது அவர்கள் வாழ்க்கை நிலை. மணப்பெண்ணோடு உள்ள நெருக்கம் அன்று.

இரண்டு இடங்களும் ஒரே பாட்டில் தெளிவாகத் தெரிவது ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில். தான் திருமாலை மணப்பதாகக் கண்ட கனவை விவரிக்கும் பத்துப் பாசுரங்களில், மணப்பெண்ணுக்குப் புதுப்புடவை உடுத்தி மாலை சூட்டுபவள் அந்தரி எனப்படும் துர்க்கை. அவள் கண்ணனுக்குத் தங்கை முறை. அதாவது ஆண்டாளுக்கு நாத்தனார். அந்தக் கனவைக் கேட்டுக்கொண்டிருப்பவளோ தோழி. சடங்கு நாத்தனாருடையது, கனவு தோழிக்குச் சொல்லப்படுவது. சிலப்பதிகாரத்திலும் கண்ணகி தான் கண்ட தீக்கனவை மாமியாரிடமோ வேறு உறவினரிடமோ சொல்லவில்லை, தேவந்தி என்ற தோழியிடமே சொல்கிறாள். தேவந்தி ஒரு பரிகாரம் சொல்ல, அது பெருமையன்று என்று கண்ணகி மறுக்கிறாள். அந்த மறுப்பால் அவர்கள் நட்பு குறையவில்லை.

நாத்தனாரின் உரிமைகள்

தமிழ்நாட்டில் பல சமூகங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டு முடிச்சுகளையும் நாத்தனார் போடுகிறார். தாலி கட்டும்போது கையில் விளக்கேந்தி மணப்பெண்ணின் பின்னால் நிற்பதும் அவரே. இதற்காக அவருக்குப் புடவையோ நகையோ சீராகத் தரப்படுகிறது. கொங்குப் பகுதியில் மாப்பிள்ளையின் சகோதரிக்கென இணைச்சீர் என்ற தனிச் சடங்கே உண்டு. மாப்பிள்ளைக்குச் சகோதரி இல்லாவிட்டால் சித்தப்பா, பெரியப்பா மகள் ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். யாராவது ஒருவர் உறவு முறையில் வந்தே ஆகவேண்டும்.

இலங்கைத் தமிழர் திருமணத்தில் தோழன், தோழி என்ற பெயர்கள் சடங்கிலேயே இருக்கின்றன. மாப்பிள்ளைக்குத் தோழனாகப் பெரும்பாலும் மணப்பெண்ணின் சகோதரன் அமைகிறான். மணப்பெண்ணுக்குத் தோழியாக வருபவர் மாப்பிள்ளையின் சகோதரி. மாப்பிள்ளை கூறையைக் கொடுத்ததும் மணப்பெண்ணை உள்ளே அழைத்துச் சென்று உடுத்தி வருவது இத்தோழியின் பொறுப்பு. ஆக, அங்கே தோழி என்ற பெயரில் நிற்பவரும் முறையால் நாத்தனாரே. அத்திப்பட்டிலிருந்து ரயிலில் சற்று நேரத்தில் சென்றுவிடக்கூடிய கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள குடும்பத்தோடு சம்பந்தம் செய்வோர் தோழி என்ற சொல் இரு தரப்புக்கும் ஒரே பொருளைத் தருகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கிறிஸ்தவத் திருமணத்தில் நிலைமை வேறு. அங்கே தோழிப்பெண் மணப்பெண்ணின் தங்கையாகவோ, சிற்றப்பா மகளாகவோ, தோழியாகவோ இருக்கலாம். பெரும்பாலும் மணமாகாதவரையே நிறுத்துகிறார்கள். முன்னால் பூக்கூடையுடன் ஒரு சிறுமி நடப்பாள். பழவேற்காடு முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரை ஊர்களில் தேவாலயத் திருமணங்கள் பழகிய காட்சி என்பதால், இந்து மணப்பெண்களும் வரவேற்பு மேடைக்கு இந்த வழக்கத்தை எடுத்துக்கொள்வது இயல்பாக நடக்கிறது.

அத்திப்பட்டு வட்டாரம்

அத்திப்பட்டு சென்னை - கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் பாதையில் எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே உள்ளது. அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என இரண்டு நிலையங்கள் உண்டு. வெளியூரிலிருந்து வரும் தோழிக்கு அழைப்பிதழ் அனுப்பும்போது எந்த நிலையம் என்று குறிப்பிடாவிட்டால் அவர் தவறாமல் மற்றதில் இறங்குவார். வட சென்னை அனல் மின் நிலையமும் காமராசர் துறைமுகமும் அருகில் உள்ளன. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. இவற்றைச் சுற்றிய தொழிற்சாலைகள், கிடங்குகள், சரக்குப்பெட்டக முனையங்கள் வெளி மாவட்டத்தவரையும் வெளி மாநிலத்தவரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தன.

இப்படி வந்த பெண்கள் விடுதியிலோ, நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலோ தங்குகிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்து சமைப்பது, காய்ச்சலுக்கு மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, ஊருக்குப் பணம் அனுப்புவது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு என எல்லாம் அந்த அறைக்குள் நடக்கின்றன. மாப்பிள்ளையின் படத்தை அம்மாவுக்கு அடுத்துப் பார்ப்பவர் அறைத்தோழி. சில வீடுகளில் அம்மாவுக்கும் முன்பே. திருமணமோ சொந்த ஊரில் நடக்கும், அங்கே இந்தத் தோழியை யாருக்கும் தெரியாது. 'கம்பெனியில கூட வேலை பாக்குற பொண்ணு' என்ற அறிமுகத்தோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புவார். தோழி என்ற இடத்தை மணப்பெண் வாய்விட்டுக் கேட்டுப் பெற்றால்தான் இது மாறும்.

பொன்னேரி அருகே சின்னம்பேட்டில் உள்ள சிறுவாபுரி முருகன் கோயிலுக்குத் திருமணம் கைகூட வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து செல்வது இப்பகுதியில் பரவலான வழக்கம். ஆறு வாரமும் கூட்டத்தில் கூடவே வரிசையில் நின்ற ஒருத்தி இருந்தால், தோழி யார் என்ற கேள்விக்கு விடை தேடவேண்டியதில்லை.

தேர்வு

தோழியைத் தேர்வதில் அழகு, உயரம், புகைப்படத்தில் எடுப்பாக இருப்பது ஆகியவை அதிகம் பேசப்படுகின்றன. இவற்றால் விளையும் பயன் ஆல்பத்தோடு சரி. முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு மாதவிடாய் வந்துவிட்டால் மணப்பெண் யாரிடம் கூச்சமில்லாமல் சொல்வார் என்பது இதைவிட நல்ல கேள்வி. மாமியார் சொன்ன ஒரு சொல் தைத்துவிட்டால் யாரிடம் சொல்வார், சொன்னதை அந்த நபர் மண்டபம் முழுக்கப் பரப்பாமல் இருப்பாரா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் விடையாக வந்தால் தேர்வு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் வசதி. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் அதிகாலை முகூர்த்தமும் வைப்பது பெருவழக்கு. தோழி என்றால் முதல் நாள் பிற்பகலில் வந்து மறுநாள் மதியம்வரை இருக்கவேண்டும். இரவில் சில மணி நேரமே தூக்கம். முகூர்த்தம் நாலரை மணிக்கு என்றால் ரயிலை நம்பிக் கிளம்ப முடியாது, மண்டபத்திலேயே தங்கவேண்டும். ஷிப்டில் வேலை செய்பவருக்கு இது குறைந்தது இரண்டு நாள் விடுப்பு. இரவு ஷிப்ட் முடித்து நேரே வருகிறேன் என்று சொல்பவரின் அன்பு பெரிதுதான். ஆனால் அவர் வந்ததும் தூங்க இடம் தேடுவார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மணப்பெண்ணும் தோழியும் ஒரே பிரிவில் ஒரே ஷிப்டில் இருந்தால், இருவருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைப்பது கடினம். வைகாசி, ஆவணி, தை மாதங்களின் நல்ல முகூர்த்த நாள்களில் விடுப்பு கேட்போர் வேறு பலரும் இருப்பார்கள். திருமணத் தேதி உறுதியானதும் தோழிக்குச் சொல்லிவிடவேண்டும். அழைப்பிதழ் அச்சாகி வரும்வரை காத்திருந்தால் ஷிப்ட் பட்டியல் முந்திக்கொள்ளும்.

சகோதரி இருக்கும்போது வெளிப்பெண்ணைத் தோழியாக நிறுத்தலாமா என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. தங்கை என்றால் பெரும்பாலும் அவளே பொருத்தம். வீடும் ஆள்களும் அவளுக்குத் தெரியும். ஆனால் மணமாகாத அக்காவைத் தங்கையின் திருமணத்தில் தோழியாக நிறுத்துவதற்கு முன் அவரிடம் தனியாகக் கேட்கவேண்டும். மேடையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் 'உனக்கு எப்போ?' என்ற கேள்வி அவரைத் தேடி வரும். அக்காவை விட்டுவிட்டுத் தங்கைக்கு முடித்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கு அவரையே காட்சிப்பொருளாக்குவது கொடுமை. சிலர் மகிழ்ச்சியோடு நிற்பார்கள், சிலர் சமையல் கட்டிலோ வரவேற்பு மேசையிலோ இருப்பதையே விரும்புவார்கள். அதை அவர் முடிவுக்கு விடுவதே முறை.

நாத்தனாரைக் கலந்துகொள்ளாமல் தோழியை முடிவு செய்வது பெரிய தவறு. முடிச்சு, விளக்கு, கூறைப்புடவை உடுத்த அழைத்துச் செல்வது என அந்தந்த வீட்டு வழக்கப்படி நாத்தனாருக்கு உரியவை எவை என்று மணப்பெண்ணின் அம்மா சம்பந்தி அம்மாவிடம் முன்பே பேசித் தெரிந்துகொள்ளவேண்டும். அந்த நேரங்களில் தோழி இரண்டடி விலகி நிற்கவேண்டும். இதில் தோழிக்குக் குறைவு எதுவும் இல்லை. திருமணத்துக்குப் பிறகு மணப்பெண் வாழப்போவது நாத்தனார் வந்துபோகும் வீட்டில். மேடையில் தள்ளி நிறுத்தப்பட்ட நாத்தனார் அதை நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பார், நியாயமும் அவர் பக்கம் இருக்கும். மறுபக்கம், நாத்தனார் சீர் என்ற பெயரில் பட்டியல் நீண்டு பணமாகவும் பவுனாகவும் கேட்கப்பட்டால் அது உரிமை அன்று. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். தெலுங்குக் குடும்பங்களில் ஆடபடுச்சு கட்னம் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. பெயர் மாறுவதால் சட்டம் மாறுவதில்லை.

கைம்பெண்கள், மணமுறிவு பெற்றவர்கள், குழந்தை இல்லாதவர்கள் ஆகியோரை மங்கலச் செயல்களிலிருந்து விலக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அகநானூற்று நால்வரைப் போலத் தகுதியை வாழ்க்கை நிலையால் அளக்கும் கணக்கு இது. தோழி இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதில் மந்திரம் இல்லை, முடிச்சு இல்லை, ஆரத்தி இல்லை; எந்த வைதிகரும் அதற்குத் தகுதி வகுத்ததில்லை. கணவனை இழந்த இளம்பெண் ஒருவர் மணப்பெண்ணின் உற்ற தோழியாக இருந்தால் அவரையே தோழியாக நிறுத்தச் சடங்கில் எந்தத் தடையும் இல்லை. தடை சொல்பவர்கள் உறவினர்களே. எனவே மணப்பெண் இதை மண்டபத்தில் முதன்முறையாக வெளிப்படுத்தக் கூடாது. பத்து நாள் முன்பே வீட்டில் பேசி, அம்மாவையோ பாட்டியையோ தன் பக்கம் சேர்த்துக்கொண்டால், மேடைக்கருகில் யாரோ ஒரு பெரியம்மா 'நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா' என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். அந்த ஏற்பாடு செய்ய முடியாது என்று தெரிந்தால் தோழியிடம் அதையும் மறைக்காமல் சொல்லி, வருவதா வேண்டாமா என்று அவரே முடிவுசெய்ய விடவேண்டும். அழைத்துவந்து அவமானப்பட வைப்பதைவிட அது மேல். வேறு சாதியையோ மதத்தையோ சேர்ந்த தோழிக்கும் இதே நெருக்கடி நேரலாம். பூசையறைக்குள் வரக்கூடாது, இந்தப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று சொல்லும் வீட்டில், தோழியைக் காப்பது மணப்பெண்ணின் கடமை.

செலவையும் பேசியாகவேண்டும். ஒரே நிறத்தில் புடவை கட்டிய ஐந்தாறு தோழிகள் வரிசையாக நிற்பது இப்போது விருப்பமாகியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை, அதற்கேற்ற ரவிக்கைத் தையல் கூலி, பியூட்டி பார்லர், பயணம், மொய் எல்லாம் சேர்ந்தால் பெரிய சுமை. புடவை இந்த நிறத்தில்தான் வேண்டும் என்று மணப்பெண் விரும்பினால் அதை மணப்பெண் வீட்டார் எடுத்துத் தருவதே மரியாதை. இல்லாவிட்டால் இருப்பதில் நல்லதைக் கட்டி வரச் சொல்லலாம். ஐந்து பேரை நிறுத்தினாலும் பொறுப்பு ஒருவரிடம்தான் இருக்கவேண்டும். ஐவரிடமும் விட்ட நகைப்பை யாரிடமும் இருப்பதில்லை.

கேட்கப்பட்டவர் மறுக்கவும் செய்யலாம். கைக்குழந்தை, விடுப்பின்மை, கூட்டத்தில் நிற்கக் கூச்சம் என எதுவாக இருந்தாலும் அதை நட்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

திருமணத்துக்கு முன்

தோழி முதலில் அறியும் செய்திகள் எல்லாம் இனிமையானவை அல்ல. மணப்பெண்ணுக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை, வேறொருவரை விரும்புகிறார், வரதட்சணைப் பேச்சு எல்லை மீறிப் போகிறது, மாப்பிள்ளையைப் பற்றி ஏதோ தெரியவந்திருக்கிறது என எதுவாக இருந்தாலும் அறைத்தோழிக்கே முதலில் தெரியும். சங்கப் பாடல்களின் தோழி செய்தது போல, வீட்டில் காதுகொடுத்துக் கேட்கக்கூடிய ஒருவரைக் கண்டறிந்து அவரிடம் பேசுவது நல்ல முதல் வழி. அந்தக் காலத்தில் அது செவிலி. இன்று அத்தையாகவோ, அண்ணியாகவோ, தாய்மாமனாகவோ இருக்கலாம். மணப்பெண்ணின் சம்மதம் இல்லாமல் தோழி இதைச் செய்யக்கூடாது.

மிரட்டலோ வன்முறையோ இருந்தால் உறவினரிடம் பேசுவது போதாது, ஆபத்தாகவும் முடியலாம். பெண்களுக்கான உதவி எண் 181. மணப்பெண் 18 வயது நிரம்பாதவர் என்றால் அது குழந்தைத் திருமணம். 2006ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்கிறது, 1098 என்ற எண்ணில் யாரும் தகவல் சொல்லலாம். படிப்பை விட்டுச் சிறுவயதிலேயே வேலைக்கு வந்த பெண்களிடையே உண்மையான வயது தெரிந்தவர் சில நேரம் உடன் தங்கியிருக்கும் தோழி மட்டுமே.

சாட்சியாகத் தோழி

இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் கொண்டுவந்த திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அந்த 7-ஏ பிரிவின்படி, உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக அறிவித்து மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. நண்பர் என்ற சொல் சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. உறவினர் வராத திருமணங்களில் தோழியே முன்னிலை வகித்துவிட முடியும்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடக்கும் திருமணத்தில் மூன்று சாட்சிகள் கையொப்பமிடவேண்டும். முன்னறிவிப்பு கொடுத்து முப்பது நாள் காத்திருக்கவேண்டியிருப்பதால், அந்த ஒரு மாதமும் ஊரில் இருக்கக்கூடியவரையே சாட்சியாகப் பேசிவைப்பது நல்லது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் குருவானவர் நீங்கலாக இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. தோழிப்பெண்ணாக நிற்பவரே சாட்சியாகவும் கையெழுத்திடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தோழிப்பெண் சிறுமியாக இருந்தால் சாட்சிக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும். எந்த முறையில் நடந்தாலும் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்யவேண்டும். சாட்சியாக வரும் தோழி தன் அடையாள அட்டையின் அசலைக் கொண்டுவரவேண்டும். கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டி அலுவலகத்தில் வாதாடுவதில் பயனில்லை.

திருமண நாளில்

வரவேற்பு மேடையில் மணப்பெண் மூன்று நான்கு மணி நேரம் நின்றபடியே இருக்கிறார். பரிசு தருவோரும் படம் எடுப்போரும் வந்துகொண்டே இருப்பதால் அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இடையில் தண்ணீர் கொடுப்பதும், பத்து நிமிடம் உட்கார வைப்பதும், வரிசை குறையும் நேரம் பார்த்துக் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் தோழியின் வேலை. கனமான பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் அணிந்த பெண் தனியாகக் கழிவறைக்குச் செல்ல முடியாது என்பது புகைப்படங்களில் தெரியாத உண்மை. மேலே குத்திய ஊக்குகள் எங்கெங்கே என்று அலங்காரம் செய்தவருக்கு அடுத்துத் தோழிக்குத் தெரிந்திருந்தால் நள்ளிரவில் புடவையைக் கிழிக்காமல் மாற்றலாம்.

தோழியின் பையில் ஊக்கு, ஹேர்பின், ஊசி நூல், தலைவலி மாத்திரை, சானிட்டரி நாப்கின், கைக்குட்டை, ஒரு பாக்கெட் பிஸ்கட், கைப்பேசி சார்ஜர் இருந்தால் போதும். மணப்பெண்ணின் கைப்பேசி பெரும்பாலும் தோழியிடமே இருக்கும். வழி கேட்டு வரும் அழைப்புகளை அவர் எடுக்கலாம், செய்திகளைத் திறந்து படிக்கக்கூடாது. மொய்ப்பணம் தோழியின் கைக்கு வரவே கூடாது. அதற்கு வீட்டுப் பெரியவர் ஒருவரும் நோட்டுப் புத்தகமும் இருக்கவேண்டும். கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் பார்வை முதலில் வெளியாளின் மேல்தான் விழும்.

நகைகளுக்கு ஒரு பட்டியல் எழுதி, ஒரு படி மணப்பெண்ணின் அம்மாவிடமும் ஒரு படி தோழியிடமும் இருப்பது பாதுகாப்பு. வரவேற்புக்கு அணிந்தது, முகூர்த்தத்துக்கு அணிந்தது, இரவல் வாங்கியது, வாடகைக்கு எடுத்தது எனத் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். அதிகாலையில் கூறைப்புடவை மாற்றும் அவசரத்தில் காதோலையும் நெற்றிச்சுட்டியும் மேசை மேலேயே கிடந்துவிடும். தாலி கட்டி முடிந்து, அம்மி மிதித்து, பந்தி முடிந்து, மணப்பெண் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்து, பையை அம்மாவின் கையில் கொடுத்து, கைப்பேசியை மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிட்டால் தோழி கிளம்பலாம்.